அந்த ஒரு ஊருக்கு மட்டும் இலவசம்

அத்தியாயம் 5

வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள்.

வேனை விட்டு இறங்கியதும் கடுகம்மாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். தலையணைப் பட்டறையின் முற்றத்தில், மண்டையைப் பிளக்கும் வெயிலில், அந்த வீட்டுச் சின்ன மருமகள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். நேற்று கடுகம்மாவைத் தேடி வந்து, "நான் எதுவும் பண்ணல, நீங்களாவது நம்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள் அவள்தான். பட்டறைக்குள் மின்விசிறி ஓடும் சத்தம் வாசல் வரை கேட்டது. அவளுக்கு ஒரு நாற்காலி போடக்கூட உள்ளே யாருக்கும் மனசு வரவில்லை.

"ஏன் இங்க நிக்கற?"

"பெரிய மாமா உள்ள வரக்கூடாதுன்னுட்டார். கம்ப்யூட்டரைத் தொடக்கூடாதாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷன் போறாங்க. அதுக்கப்புறம் நான் இந்த வீட்டுப் பக்கமே வரக்கூடாதாம்."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

அவள் தரையைப் பார்த்தாள். கடுகம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அத்தை, இப்பவே பொரிஞ்சிடாதீங்க. இன்னும் அடுப்பே பத்த வெக்கல" என்றார் பின்னால் வந்த மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வர்றீங்களா?"

கடுகம்மா என்பது வரி அலுவலகத்தில் வைத்த பெயர். எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிப்பார் என்று சொல்லி வைத்தார்கள். கடைசியில் ஒரு மேலதிகாரியின் மேசையில் ராஜினாமாவை அறைந்துவிட்டு வெளியே வந்து, துப்பறியும் தொழிலில் இறங்கிவிட்டார். உதவியாளர் அவருடைய சொந்த மகளைக் கட்டியவர். கூரியர் கம்பெனியில் வண்டி ஓட்டி, அங்கே யாரையோ கிண்டல் செய்து வேலையை விட்டவர். வெளி ஆளை வைத்திருந்தால் ஆசை தீர வாடா போடா என்று திட்டியிருக்கலாம். மாப்பிள்ளையை வைத்துக்கொண்டதால் எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் வாங்க, போங்க போட்டே திட்ட வேண்டியிருந்தது. கடுகம்மாவுக்கு அது தனி எரிச்சல்.

உள்ளே போனதும் மாப்பிள்ளை தும்மினார். அறை முழுக்கப் பஞ்சு. தையல் எந்திரத்தின் மேல் பஞ்சு, ஜன்னல் கம்பியில் பஞ்சு, பெரியவரின் புருவத்தில் பஞ்சு. பெரியவர் என்றால் இந்த வீட்டுக்கு மூத்தவர், பட்டறை முதலாளி. அவருடைய தம்பி சின்னவர், அதாவது வெளியே நிற்பவளின் கணவர், மூலையில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அவ கூப்பிட்டு வந்தீங்களா? நல்லா பாருங்க. பார்த்துட்டு நீங்களே அவளைத் திட்டுவீங்க" என்று பெரியவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

விஷயம் இதுதான். இவர்கள் தலையணைகளை இன்டர்நெட்டில் விற்கிறார்கள். வாங்குபவர் படத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து விலாசத்தைக் கொடுத்தால், அந்தக் கடையே வரியையும் அனுப்பும் செலவையும் தானாகச் சேர்த்துவிடும். தானாக என்றால், எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி, எந்த ஊருக்கு எவ்வளவு டெலிவரி என்று யாராவது முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அது சின்ன மருமகளின் வேலை. ஆனால் கொஞ்ச நாளாக விற்க விற்க நஷ்டம். ஒவ்வொரு பெட்டிக்கும் கூரியர்காரனுக்குக் கைக்காசு போட்டு அழ வேண்டியிருந்தது. ஏன் என்று நேற்று முன்தினம் பெரியவர் உட்கார்ந்து தேடியதில் இது மாட்டியது.

ஊர் ஊராகப் பிரித்து டெலிவரிக் கட்டணம் போட்டிருந்த பக்கத்தின் கடைசியில் சின்ன மருமகள் பிறந்த ஊரின் பெயர். பக்கத்தில் ஓர் அஞ்சல் எண். கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம்.

"நாடு பூரா காசு. இவ ஊருக்கு மட்டும் இலவசம்" என்றார் பெரியவர். "இவ அண்ணன் அங்க லாட்ஜ் நடத்தறான். லாட்ஜுக்குத் தலையணை வேணுமா வேண்டாமா?"

"கண்டிப்பா வேணும். தலை இல்லாதவங்க யாரும் லாட்ஜ்ல தங்கறதில்ல" என்றார் மாப்பிள்ளை.

"அங்க எத்தனை தலையணை போயிருக்கு?" என்று கேட்டார் கடுகம்மா.

"வேற வேற பேர்ல வாங்கியிருப்பான். திருடறவன் சொந்தப் பேர்லயா வாங்குவான்?"

"பார்த்தீங்களா, பார்க்கலையா?"

"பார்க்க என்ன இருக்கு? இலவசம்னு போட்டிருக்கே, அது போதாதா?"

மூலையில் டேப் கிரீச்சென்று இழுபட்டது.

கடுகம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் எலியைப் பிடித்தார். தலையணைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பஞ்சுக்கு ஒரு வரி, நுரைக்கு ஒரு வரி, குழந்தைத் தலையணைக்கு வேறு வரி, கழுத்து வலிக்காரர்கள் வைத்துக்கொள்வதற்கு இன்னொன்று. ஒன்றுகூடத் தப்பில்லை. ஊர்களைப் பார்த்தார். ஒவ்வொரு ஊருக்கும் வரிக் கட்டம் நிரப்பியிருந்தது. அந்தக் கடைசி ஊருக்கு மட்டும் வரிக் கட்டம் காலி.

"டெலிவரி இலவசம், சரி. வரியும் இலவசமா?"

"மறந்திருப்பா."

"வரியில கை வெக்கறவங்களை நான் வாழ்நாள் பூரா பார்த்திருக்கேன். இவ்வளவு சுத்தமா வரி போட்டவ இந்த ஒரு இடத்துல மட்டும் மறக்க மாட்டா. இது வேற கை. இதுக்குள்ள போக பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்?"

மாப்பிள்ளை மெதுவாகச் சுவரைக் காட்டினார். பாக்கிங் மேசைக்கு மேலே, கறுப்பு மார்க்கர் பேனாவில், கொட்டை எழுத்தில் பாஸ்வேர்டு எழுதியிருந்தது.

"நல்ல பாதுகாப்பு. பக்கத்துல ஒரு பூட்டும் வரைஞ்சிருக்கலாம்" என்றார்.

"வீட்டு மனுஷங்க மட்டும்தானே வந்து போறாங்க" என்றார் பெரியவர்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் கடுகம்மா.

இதற்குள் மாப்பிள்ளை ஒரு பெட்டியைத் தூக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். அவர் இடுப்பு உயரத்துக்கு இருந்த பெட்டியை ஒற்றைக் கையால் தூக்க முடிந்தது.

"அண்ணே, இதுக்கு எதை வெச்சு டெலிவரி காசு வாங்கறீங்க?"

"எடைக்கு."

"தலையணைக்கு எடைக்கா? கூரியர் வண்டியில இது ஒரு ஆள் படுக்கற இடத்தை அடைச்சிக்கும். நாங்கல்லாம் இந்த மாதிரி பெட்டிக்கு அளவெடுத்துத்தான் காசு போடுவோம், எடை பார்க்கறதே இல்ல. நீங்க வாங்கறது காத்துக்குக் காசு, கட்டறது கல்லுக்குக் காசு. நஷ்டம் வராம லாபமா வரும்? இந்த ஊர் இலவசமா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, உங்க ஓட்டை இங்க இருக்கு."

பெரியவர் திருதிருவென்று விழித்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, "அதுவும் அவ போட்டதுதான்" என்றார்.

டேப் மறுபடியும் கிரீச்சென்றது. கடுகம்மாவுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டியவளை வெயிலில் நிறுத்திவிட்டு டேப் ஒட்டுகிற மனுஷன் ஒரு மனுஷனா? வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு வெளியே நடந்தார்.

சின்ன மருமகள் அதே இடத்தில் நின்றாள். நிழல் மட்டும் நகர்ந்து போயிருந்தது.

"எடைக்குப் போட்டது நீயா?"

"நான் பெட்டி அளவுக்குத்தான் போட்டேன். ஒரு நாள் பார்த்தா எடைன்னு மாறியிருந்தது. டெலிவரி காசு கம்மியா தெரிஞ்சதால நிறைய பேர் வாங்கினாங்க. பெரிய மாமாவுக்கு ஒரே சந்தோஷம். இது தப்புன்னு வீட்ல சொல்லிப் பார்த்தேன். வியாபாரம் நல்லா நடக்கறப்ப வாயை வெக்காதன்னு சொல்லிட்டாங்க."

"சரி. உங்க அம்மா வீட்டு விலாசம் சொல்லு. போஸ்டல் கோடோட."

அவள் சொல்ல, மாப்பிள்ளை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். கடுகம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, முற்றத்தில் கிடந்த ஒரு பஞ்சு மூட்டையை நிழலுக்குத் தள்ளி, அதன் மேல் உட்கார வைத்துவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

"பெரியவர்தான் மாப்பிள்ளை" என்றார் வண்டி புறப்பட்டதும். "எனக்கு சந்தேகமே இல்ல. எடைக்கு மாத்தினது அந்த ஆள்தான். நஷ்டம்னதும் பழியைத் தூக்கி அந்தப் பொண்ணு தலையில போட்டுட்டார். என்ன தெனாவட்டு பாருங்க, பேசும்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்ல."

"நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவங்களை எல்லாம் பிடிச்சா, நீங்க வேலை பார்த்த ஆபீஸ்ல ஒருத்தர் மிஞ்சமாட்டாங்க அத்தை."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க."

அவர் ரோட்டைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அத்தை, ஸ்க்ரீன்ல இருந்த நம்பர் என்ன?"

கடுகம்மா சொன்னார். எண் என்றால் அவருக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

"அவங்க அம்மா வீட்டு நம்பர் இது இல்லையே. ஊர் அதே ஊர்தான். கடைசி ரெண்டு இலக்கம் வேற."

கடுகம்மா அந்த உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைரேகை பார்க்கிறார்கள் என்று நினைத்து, சாலையில் போன ஒருவர் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

"அப்போ அந்த இலவச டெலிவரி யார் வீட்டுக்குப் போகுது?"

"போய்ப் பார்த்தா போச்சு" என்று மாப்பிள்ளை கியரைப் போட்டார்.

ஊருக்குள் நுழைந்ததும் அந்த அஞ்சல் எண்ணைச் சொல்லி விசாரித்தார்கள். ரயில்வே கேட்டை ஒட்டிய சின்னப் பகுதி அது. இரண்டு தெரு, ஒரு மரக்கடை, ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவர். லாட்ஜ் இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம், வேறு எண். சின்ன மருமகளின் அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டதும் மரக்கடைக்காரர் எதிரே கை காட்டினார்.

எதிரே கார் கழுவுகிற இடம். ஒரு பழைய வீட்டின் வாசற்படி மட்டும் இடிக்கப்படாமல் இருந்தது. அதன் மேல் சோப்பு வாளி.

"அவங்க வீடு இங்கதான் இருந்தது" என்றார் கார் கழுவுபவர். "பொண்ணைக் கட்டிக் கொடுத்த கையோட வித்துட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டாங்க. இடிச்சுத்தான் நான் இதைப் போட்டேன்."

"இந்தத் தெருவுக்குத் தலையணை பெட்டி ஏதாவது வந்து பார்த்திருக்கீங்களா? பெரிசா இருக்கும்" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"தலையணையா? இங்க நிக்கவே நேரமில்ல. இதுல படுக்கறது எங்க?"

மரக்கடைக்காரரும் அப்படி எதையும் பார்த்ததில்லை என்றார். கடுகம்மா அந்த வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தலையணைகூட வராத ஊருக்கு இலவச டெலிவரி. இது விக்கறதுக்குப் போட்டது இல்ல மாப்பிள்ளை. கண்டுபிடிக்கணும்னே போட்டது. பொண்ணு ஊர் பேரை வெச்சு, யாராவது தேடினா கண்ணுல படற மாதிரி வெச்சிருக்காங்க. ஆனா வெச்ச ஆளுக்கு இந்த வீடு போனது தெரியல."

"சம்பந்தி வீட்டுப் பக்கம் எட்டியே பார்க்காத ஆள்."

"பெரியவர். நான்தான் சொன்னேனே. பொண்ணு எடுத்த வீட்டுக்கு ஒரு தடவை வந்து போகத் தெரியாத மனுஷன், அவங்க மேலயே திருட்டுப் பட்டம் கட்டறார். இன்னிக்கு அந்த ஆளை நான் உண்டு இல்லைன்னு பண்ணாம விடறதில்ல."

பாலத்தைத் தாண்டினார்கள். லாட்ஜுக்குப் பின்னால், பச்சை நிற கேட் போட்ட வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு மகளின் முகம் அப்படியே இருந்தது. மகளுக்கு வந்திருக்கும் தொல்லை அவருக்குத் தெரியவில்லை. மகள் சொல்லவில்லை போலிருக்கிறது. கடுகம்மாவும் சொல்லவில்லை. பட்டறை விஷயமாக வந்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னார்.

"உங்க சம்பந்தி வீட்ல இருந்து யாராவது இங்க வருவாங்களா? அந்தப் பெரியவர் எல்லாம் எங்க வரப்போறார்" என்று தூண்டிலைப் போட்டார்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்றார் அந்த அம்மா. "என் வீட்டுக்காரர் தவறினப்போ பெரியவர்தான் முதல் ஆளா வந்தார். அவர் சம்சாரமும் வந்தாங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலிதான். ராத்திரி பூரா உக்காந்திருந்தார். வந்தவங்களுக்குப் பந்தல், தண்ணி எல்லாம் அவர்தான் பார்த்துக்கிட்டார். கோபக்காரர்தான், ஆனா மனுஷர்."

கடுகம்மா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தார். வழியெல்லாம் கட்டி வைத்த கோட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த ஆளுக்கு இந்த வீடு தெரியும். தெரிந்தவர் அந்தப் பழைய எண்ணைப் போட்டிருக்க மாட்டார். கோபத்தை இறக்கி வைக்க ஆள் இல்லாமல் போனதில் கடுகம்மாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

"அப்போ உங்க மருமகன்?" என்றார் மாப்பிள்ளை.

"தண்ணி கொண்டு வரேன்" என்று அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாப்பிள்ளையும் கடுகம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரோரமாக ஒரு கட்டில். அதன் மேல் ஒரு புதுத் தலையணை. பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கப்படவில்லை. உறையின் மூலையில் அந்தப் பட்டறையின் சீட்டு. மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். டெலிவரிக் கட்டணம் முழுசாகக் கட்டியிருந்தது. வரியும் கட்டியிருந்தது.

"இதை நீங்களா வாங்கினீங்க?" என்று தண்ணீர் கொண்டு வந்தவரைக் கேட்டார்.

"லாட்ஜ்ல மேனேஜரை விட்டு போன்ல வாங்கச் சொன்னேன். மகளுக்குத் தெரியாது. தெரிஞ்சா சும்மா அனுப்பிடுவா, அவங்க வீட்ல ஏதாவது சொல்வாங்க. எதுக்கு வம்புன்னு காசு கொடுத்தே வாங்கிட்டேன்." அவர் தலையணையின் மேலிருந்த தூசியைத் தட்டினார். "மருமகன் வரும்போது வேணுமே. அவங்க பட்டறைத் தலையணைதான் அவருக்குப் பழக்கமா இருக்கும்."

மாப்பிள்ளை எதுவும் கிண்டல் செய்யவில்லை. கடுகம்மா தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார்.

திரும்பும் வழியில் பாதி தூரம் வந்ததும் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"அத்தை, நான் உங்க வீட்டுக்கு தினம் வரேன் இல்ல?"

"வேலைக்கு வர்றீங்க."

"சாப்பிட்டுட்டுத்தானே போறேன்."

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. நீங்க இதுவரைக்கும் சொல்லிக் காட்டினது இல்ல, அதைச் சொன்னேன்."

"மாப்பிள்ளை, வழியில ஏதாவது கடையில நிறுத்துங்க. ரெண்டு மார்க்கர் பேனா வேணும்."

அவர்கள் பட்டறைக்குள் நுழைந்தபோது பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குத் தயாராக நின்றார். சின்னவர் அதே மூலையில். கடுகம்மா, பஞ்சு மூட்டையில் உட்கார்ந்திருந்தவளைக் கையோடு உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் வாயைத் திறந்தார்.

"இருங்க" என்றார் கடுகம்மா. "ஸ்டேஷனுக்கு நானே வேன்ல கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. அவங்க அம்மாவைப் பார்த்துட்டு வந்தோம். ஒரு தலையணை வேணுமாம். இலவசமாச்சே, அனுப்பிடலாம்."

"விளையாடறீங்களா?"

"நான் எப்பவுமே விளையாடினது இல்ல. மாப்பிள்ளையைக் கேளுங்க."

"சத்தியமா இல்ல" என்று மாப்பிள்ளை இரண்டு காலிப் பெட்டிகளைத் தூக்கி, மேசையின் இந்த முனையில் ஒன்றும் அந்த முனையில் ஒன்றுமாக வைத்தார்.

"ஆளுக்கொரு பெட்டி. அந்தம்மா இருக்கிற வீட்டு விலாசத்தை எழுதுங்க. அவ்வளவுதான்" என்றார் கடுகம்மா.

"ரெண்டு பெட்டி எதுக்கு?" என்றார் சின்னவர். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "அவளே எழுதட்டுமே."

"அவ மேல திருட்டுப் பட்டம் இருக்கே. அவ கை படக்கூடாது. உங்க மாமியார் வீடுதானே, எழுதுங்க."

பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே பேனாவைப் பிடுங்கி எழுதினார். கிறுக்கல் எழுத்து. பாலம் தாண்டி, லாட்ஜுக்குப் பின்னால், பச்சை கேட். எழுதிவிட்டு நிறுத்தினார். "போஸ்டல் கோடு எல்லாம் எனக்குத் தெரியாது" என்று பேனாவை வைத்தார்.

சின்னவர் நிதானமாக எழுதினார். ஆளை விட்டால் போதும் என்ற அவசரம் இருந்தாலும் எழுத்து அழகாக இருந்தது. கதவு எண், தெரு, ரயில்வே கேட் அருகில், ஊர். கீழே அஞ்சல் எண்ணையும் கொஞ்சமும் யோசிக்காமல் போட்டார்.

சின்ன மருமகள் அந்தப் பெட்டியைப் படித்தாள். அவள் கை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"பெரியவரே" என்றார் கடுகம்மா. "உங்க தம்பி எழுதின நம்பரைப் படிங்க. அப்படியே ஸ்க்ரீன்ல இருக்கிறதையும் படிங்க."

பெரியவர் படித்தார். இரண்டையும் படித்தார். மறுபடி பெட்டிக்கு வந்து விலாசத்தைப் படித்தார்.

"டேய், இந்த வீட்டை அவங்க எப்பவோ வித்துட்டாங்களே. நான் போனது பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"இப்ப அங்க கார் கழுவறாங்க. சுமாரா கழுவறாங்க" என்றார் மாப்பிள்ளை.

"அந்த நம்பருக்கு இலவசம் போடணும்னா, அந்தம்மா இன்னும் அங்கதான் இருக்காங்கன்னு நினைக்கணும்" என்றார் கடுகம்மா. இதுவரை அடக்கி வைத்த கோபமெல்லாம் குரலில் ஏறியது. "இவளுக்குத் தெரியும், அம்மா எங்க இருக்காங்கன்னு. இவ அண்ணனுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், நீங்க அங்க ராத்திரி பூரா உக்காந்திருந்தீங்க. கட்டின பொண்டாட்டியோட அம்மா எங்க குடியிருக்காங்கன்னு தெரியாதது ஒரே ஒரு ஆளுக்குத்தான். மாமனார் செத்ததுக்குக் கூடப் போகாத ஆள். போயிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது. நம்பர் மட்டும் நல்லா மனப்பாடம், பழைய வீட்டு நம்பர். ஏன் சின்னவரே, டேப் ஒட்டலையா?"

சின்னவர் கையில் டேப் இருந்தது. இழுக்கவில்லை.

"எடைக்கு மாத்தினது நான்தான்" என்றார். "டெலிவரி கம்மியா காட்டினா நிறைய விக்கும்னு நினைச்சேன். வித்தது. அண்ணன் எல்லார்கிட்டயும் என்னைப் பத்திப் பெருமையா சொன்னார். அப்புறம் நஷ்டம்னு தேட ஆரம்பிச்சார். என்னைத் திட்டுவார்னு..."

"அதனால என்னைப் போலீஸ்ல கொடுக்கலாம்னு நினைச்சீங்களா?" என்றாள் சின்ன மருமகள்.

"அவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. வெறும் திட்டோட போயிடும்னு..."

பெரியவர் கையை ஓங்கிக்கொண்டு போனார். கடுகம்மா குறுக்கே நின்றார்.

"அடிக்க உங்களுக்கு என்ன தகுதி? இலவசம்னு போட்டிருக்கு, அது போதும்னு சொன்னது நீங்க. ஒரு ஆர்டரைத் திறந்து பார்க்க உங்களுக்குக் கை வரல. அவளை வெயில்ல நிக்க வைக்க மட்டும் கை வந்தது."

ஓங்கிய கை தானாக இறங்கியது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு, "என்னை மன்னிச்சிடும்மா" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அந்தப் பட்டறை கேட்டதில்லை.

அவள் கம்ப்யூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்தக் கடைசி ஊரை அழித்தாள். எடை என்றிருந்ததைப் பெட்டி அளவு என்று மாற்றி, ஒவ்வொரு தலையணையாகத் திறந்து பழையபடி கட்டணத்தைப் போட்டாள். கடைசியில் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு எழுந்து, ஈரத் துணியை எடுத்துச் சுவரில் எழுதியிருந்ததைத் தேய்த்தாள். மார்க்கர் மை லேசில் போகவில்லை. போகும் வரைக்கும் தேய்த்தாள்.

"அப்பா செத்த அன்னிக்கு லோடு ஏத்தணும்னு சொன்னீங்க" என்றாள், கணவரைப் பார்க்காமல். "நானும் நம்பிட்டு பெரிய மாமாகூடப் போனேன். அங்க எல்லாரும் மாப்பிள்ளை எங்கன்னு கேட்டாங்க. லோடுன்னு சொன்னேன். என் வாயால சொன்னேன். வீடு மாறினதையும் உங்ககிட்ட சொன்னேன். தலையாட்டினீங்க. காதுல வாங்கவே இல்ல, இல்ல?"

சின்னவர் டேப் உருளையைக் கையில் சுழற்றினார்.

"அவங்க கட்டில்ல உங்க பட்டறைத் தலையணை ஒண்ணு இருக்கும்மா" என்றார் மாப்பிள்ளை. சொல்ல வேண்டாம் என்று கடுகம்மா கண்ணைக் காட்டியும் அவர் நிறுத்தவில்லை. "டெலிவரி காசு, வரி எல்லாம் முழுசா கட்டி வாங்கியிருக்காங்க. இவர் வரும்போது வேணும்னு வெச்சிருக்காங்க. உறையைக் கூடப் பிரிக்கல."

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதது கொஞ்ச நேரம்தான். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் மாட்டியிருந்த தன் பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"வேன் அந்தப் பக்கம் போகுமா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டாள்.

"இனிமே அந்தப் பக்கம்தான் போகும்" என்றார் அவர்.

"எப்ப வருவே?" என்று பெரியவர் கேட்டார்.

"நாளைக்கு ஆர்டரை அங்கிருந்தே பார்த்துக்கறேன் மாமா. வேலையை விடல."

கடுகம்மா முன்சீட்டில் ஏறினார். அவள் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பும்போது சின்னவர் டேப் உருளையைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடி வந்து ஜன்னலைத் தட்டினார்.

"நானும் வரேன். உங்க அம்மாகிட்ட நானே வந்து பேசறேன்."

அவள் கண்ணாடியைப் பாதி இறக்கினாள்.

"வாங்க" என்றாள். "வழி கேட்டுட்டு வாங்க."